இடது மூலைக்கு ஒருத்தி

வைகை மகளிர் கபடி அணியில் இடது மூலையில் நின்று பிடிக்கிறவள் சுகிர்தா. காலிறுதியில் ஜெயித்த கையோடு அவளுக்கு முழங்கால் பிசகிவிட்டது. அரையிறுதிக்கு இன்னும் இரண்டே நாள்.

போட்டி விதிப்படி ஓர் அணி தன் ஆட்டக்காரி ஒருத்தியைக் கொடுத்து, வேறோர் அணியிலிருந்து ஒருத்தியை வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை. இரண்டு அணியும் கையெழுத்துப் போட்ட படிவம் அன்று மாலை ஐந்து மணிக்குள் நடுவர் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பவுன்ராஜ் மணி பார்த்தார். மூன்றே முக்கால்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். பயிற்சியாளர் ரெஜினா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் ஆள் எடுப்பதில் ரெஜினாவை மிஞ்ச யாரும் இல்லை என்று கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ள வேண்டும் என்றே உதவியாளராக வந்து சேர்ந்திருந்தார்.

"மேடம், ஆறு பேரை எழுதி வச்சிருக்கேன். பாலாறு அணியோட இடது மூலைக்காரிதான் முதல். இந்த சீசன்ல நாப்பத்தொரு பிடி."

"அவளைக் கேட்டா லிங்கேசன் பதிலுக்கு யாரைக் கேப்பாரு?"

லிங்கேசன் பாலாறு அணியின் மேலாளர்.

"நம்ம மகிழினியை."

மகிழினி போய்விட்டால் வைகை அணியில் ரெய்டு போக, பாடிப்போய் எதிரணியைத் தொட்டுவிட்டு வர, ஆளே கிடையாது.

"மத்த அஞ்சு பேரும் அப்படித்தானே?"

"ஆமா மேடம். அப்ப யாருக்கும் தெரியாத நல்ல ஆளை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

ரெஜினா எழுந்து அரங்கத்துக்குள் போனார். அங்கே பாலாறு அணியின் காலிறுதி தொடங்கியிருந்தது. ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்கண்ணே."

அப்படி உட்கார்ந்தால் ஆட்டம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே தெரிவது பாலாறு அணியின் பெஞ்ச் மட்டும்தான்.

"மேடம், ஆட்டமே தெரியாதே."

"போன் பேசுற மாதிரி காதுல வச்சுக்கங்க. லிங்கேசன் பாக்குறாரு."

சொல்லிவிட்டு ரெஜினா போய்விட்டார்.

பவுன்ராஜ் பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெஞ்சில் ஐந்து பெண்கள். ஒருத்தி தண்ணீர் குடித்தாள். ஒருத்தி நகத்தைக் கடித்தாள். இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்தார்கள். கடைசியில் இருந்தவள் மடியில் ஒரு துண்டு கிடந்தது. அவள் இமைக்காமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி. நாலே கால். இதில் என்னத்தைப் பார்ப்பது? அவருக்குக் கோபம்கூட வந்தது.

அப்போது கடைசிப் பெண்ணின் கை துண்டை இறுக்கிப் பிடித்தது. அடுத்த நொடி அவர் முதுகுக்குப் பின்னால் கூட்டம் கத்தியது. யாரையோ பிடித்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்தக் கை இறுகியது. மறுபடி கூச்சல்.

பவுன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ரெய்டில் கை அசையவில்லை. கூச்சலும் எழவில்லை. அதற்கடுத்த ரெய்டில் கை முதலில் இறுகியது, சத்தம் பிறகுதான் வந்தது. ரெய்டருடைய கால் எப்போது மாட்டும் என்று களத்தில் நிற்பவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாலாறு அணி ஜெயித்தது. பவுன்ராஜ் ஏறக்குறைய ஓடினார்.

"கடைசில உக்காந்திருக்கிற பொண்ணு, மேடம். ஒச்சம்மாள்னு சட்டையில பேர் இருக்கு. மொத்த சீசன்லயும் ரெண்டே பிடி."

"எத்தனை ஆட்டத்துல இறக்கினாங்க?"

"ஒண்ணுல."

ரெஜினா படிவத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். மணி நாலு ஐம்பது.

ஒச்சம்மாள் பெயரைக் கேட்டதும் லிங்கேசன் புருவத்தை உயர்த்தினார். திரும்பித் தன் பெஞ்சைப் பார்த்தார். பவுன்ராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மகிழினி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"சரி, எடுத்துக்கங்க" என்றார் லிங்கேசன். "பதிலுக்கு உங்க பதினோராம் நம்பரைக் கொடுங்க."

பவுன்ராஜுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பதினோராம் நம்பர் நாகஜோதி. எட்டு மாதமாக அணியில் இருக்கிறாள். மொத்தமாக நாலு நிமிஷம்கூட ஆடியதில்லை.

ரெஜினா கையெழுத்துப் போடவில்லை. லிங்கேசனின் முகத்தையே பார்த்தார். லிங்கேசன் சிரிக்கவில்லை.

"மேடம், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. போடுங்க மேடம்" என்று பவுன்ராஜ் காதோரம் கெஞ்சினார்.

ரெஜினா கையெழுத்துப் போட்டார். பவுன்ராஜ் படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

அன்று மாலை நாகஜோதி தன் பையைக் கட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

அரையிறுதியில் ஒச்சம்மாள் இடது மூலையில் நின்றாள். முதல் பாதியில் மூன்று பேரைப் பிடித்தாள். கடைசி ரெய்டில் எதிரணியின் கேப்டன் கோட்டைத் தொடப் பாய்ந்தபோது, கணுக்காலைப் பிடித்தவள் விடவே இல்லை. வைகை அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது. பவுன்ராஜ் அழுதுவிட்டார்.

அடுத்தது பாலாறு அணியின் அரையிறுதி. ஜெயிக்கிறவர்களோடு மறுநாள் இறுதியாட்டம். ரெஜினாவும் பவுன்ராஜும் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இரண்டாம் பாதியில் பாலாறு அணி பின்தங்கியிருந்தது. லிங்கேசன் கையைக் காட்டினார். நாகஜோதி ரெய்டுக்குப் போனாள்.

போன வேகத்தில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த முறை மூன்று பேர். மூன்றாவது முறை நான்கு பேர் சேர்ந்து அமுக்கியும், அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரலை வைத்தாள். அரங்கமே எழுந்து நின்றது.

பவுன்ராஜ் எழவில்லை.

"மேடம், நாளைக்கு இவளைத்தான் நாம பிடிக்கணும். எட்டு மாசம் உங்ககிட்ட இருந்தவ. எந்தப் பக்கம் திரும்புவா? எந்தக் காலை முன்னால வைப்பா? சொல்லுங்க, இப்பவே பொண்ணுங்களுக்குச் சொல்லிடுறேன்."

ரெஜினா களத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலண்ணே" என்றார். "நான் அவளை இன்னிக்குத்தான் பாக்குறேன்."