மாமரத்தில் கட்டிய தூளிச்சேலை

அமலி குறைமாசத்தில் பிறந்த பிள்ளை. அம்மா ஜெசிந்தா அவளைத் தரையில் விட்டதே இல்லை. இடுப்பு, மடி, தூளி. அதற்குமேல் பிள்ளைக்கு உலகம் கிடையாது. ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை.

“காலில் குறையொன்றுமில்லை, இறக்கி விடுங்கள்” என்றார் டாக்டர்.

இறக்கினால் விழுவாளே!

ஜெசிந்தா, பள்ளிக்கூடத்தில் தனக்கு உயரம் தாண்டக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் லியோனில்லாவிடம் போய் அழுதாள். மறுநாள் காலையில் சிஸ்டரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“சிஸ்டர், இந்தப் பயம் எப்பதான் போகும்?”

சிஸ்டர் பின்வாசலில் நின்று மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். மேல்கவட்டையில் வல்லூறுக் கூடு. இறக்கை முளைத்த குஞ்சுகள் விளிம்பில் நெருக்கியடித்து நின்றன. கூட்டுக்குக் கீழே கிளைக்குக் கிளை ஒரு பழைய நூல்சேலை விரித்துக் கட்டியிருந்தது.

“இதென்ன ஏட்டி?”

“அமலியோட தூளிச்சேலை, சிஸ்டர். தேங்காய் வெட்ட வந்தவரைக் கெஞ்சிக் கட்டினேன். குஞ்சு விழுந்தா?”

“தாய் வந்ததா?”

“நேத்திலிருந்து சுத்திச் சுத்திக் கத்துது. கிட்டே வரமாட்டேங்குது.”

அப்போதே தாய்ப்பறவை வந்தது. காலில் ஓணான். தாழப் பறந்து வந்து கூட்டுக்கு மேலேறப் போகையில் சேலை எதிர்ப்பட்டது. விலகிக் கிறீச்சிட்டுப் பறந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி நின்றன.

ஜெசிந்தாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

“நாங்க உயரம் தாண்டும்போது நீங்க மணல் கொட்டலையா, சிஸ்டர்?”

“கொட்டினேன். கம்பிக்கு அந்தப் பக்கம். நீ ஓடிவருகிற வழியிலா கொட்டினேன்?”

ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தொரட்டிக் கம்பை எடுத்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து சேலை அவள் தலைமேலேயே விழுந்தது. அமலி கைகொட்டிச் சிரித்தாள்.

தாய் திரும்பி வந்தது. ஆனால் கூட்டுக்குப் போகவில்லை. எதிரே தென்னை மட்டையில் ஓணானோடு உட்கார்ந்துகொண்டது.

“அதான் சேலையை எடுத்தாச்சே! கொண்டுபோய்க் கொடுத்தா என்னவாம்? கல்நெஞ்சுக்காரி!”

“பேசாமல் பார்.”

மூத்த குஞ்சு பசி தாங்காமல் கிளைக்கு வந்தது. இறக்கையை அடித்தது. அடித்துக்கொண்டே தவறி, கறிவேப்பிலை மரத்துக்குள் சடசடவென்று விழுந்தது.

ஜெசிந்தா பாய்ந்தாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இலைகள் ஆடின. குஞ்சு தலை கலைந்து வெளியே வந்தது. கொப்புக் கொப்பாக ஏறியது. உச்சியிலிருந்து மறுபடி எழும்பியது. இந்தத் தடவை காற்று அதைத் தாங்கிக்கொண்டது. தடுமாறித் தென்னை மட்டையில் போய் இறங்கி ஓணானைப் பிடுங்கியது.

ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

“அந்தத் தாய்க்குப் பயமே இல்லையா, சிஸ்டர்?”

“குஞ்சு விழுந்தபோது நீ எதைப் பார்த்தாய்?”

“குஞ்சைத்தான்.”

“நான் தாயைப் பார்த்தேன். அது பிடித்த பிடியில் ஓணான் இரண்டு துண்டாகிவிட்டது.”

ஜெசிந்தா பிறகு உள்ளே போய் ஒரு ஏத்தன் வாழைப்பழம் உரித்துக்கொண்டு வந்தாள். அமலியை மாமரத்தடியில் இறக்கினாள். பற்றியிருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எதிரே துவைகல்லில் போய் உட்கார்ந்தாள்.

அமலி அழுதாள். மரத்தைப் பிடித்து எழுந்தாள். ஓரடி வைத்தாள். பொத்தென்று விழுந்தாள்.

ஜெசிந்தா எழவில்லை.

அமலி மண்ணில் கையூன்றி மறுபடி எழுந்தாள். இப்போது மரத்தைப் பிடிக்கவில்லை.

சிஸ்டர் பிள்ளையைப் பார்க்கவில்லை. துவைகல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“ஏட்டி, பழத்தை அப்படிப் பிசையாதே. பிள்ளை வந்தால் தின்ன வேண்டாமா?”