அங்காத்தாள் வண்டியின் மூன்று புள்ளிகள்

முன்னொரு காலத்தில், வரைபடம் எழுதுகிறவர்கள் குறிக்க மறந்துபோன ஒரு நாட்டில், சித்திரசேனன் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஒரு எண்ணம் தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

அவரிடம் கருமேகம் என்றொரு பட்டத்து யானை இருந்தது. ராஜாவுக்கு மூன்று வயதானபோது தகப்பனார் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் அழுதபோதெல்லாம் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டது அந்த யானைதான். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. காது மடல்களில் பூ விழுந்தாற்போல வெள்ளை படர்ந்திருந்தது.

ஒருநாள் ராஜவீதியில் கருமேகம் ஊர்வலம் போனபோது ஒரு மாட்டு வண்டி அதை முந்திக்கொண்டு ஓடியது. யானை நின்றது. வண்டி போன திசையையே வெகுநேரம் பார்த்தது. பிறகு நடுவீதியில் உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் கவளத்தைத் தொடவில்லை.

“என் யானையை ஒரு மாட்டு வண்டி முந்துவதா! அவமானத்தில் அதன் நெஞ்சு உடைந்துவிட்டது,” என்று ராஜா கண் கலங்கினார். “இனி ராஜவீதியில் எவரும் கருமேகத்தைவிட வேகமாகப் போகக் கூடாது.”

உடனே ஏற்பாடு நடந்தது. ராஜவீதி கோட்டையின் கிழக்கு வாசலில் தொடங்கி மேற்கு வாசலில் முடியும். கிழக்கு வாசலுக்குள் வண்டி நுழைந்ததும் முரசு ஒலிக்கும். மேற்கு வாசலில் தாண்டவன் என்கிற காவலர், அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம் ஒன்றைத் தண்ணீரில் மிதக்க விடுவார். யானை ஆற அமர அந்த வீதியை நடந்து முடிக்க எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரத்தில் கிண்ணம் மூழ்கும். அதற்கு முன்பே வண்டி வந்துவிட்டால் நுகத்தடியில், தண்ணீரில் அழியாத கறுப்புக் கீலால் ஒரு புள்ளி வைப்பார். தாண்டவன் நேர்மையானவர். தன் சொந்த மாமனார் வண்டிக்கே இரண்டு புள்ளி வைத்தவர்.

அந்த நாட்டில் வண்டிக் காப்பு மண்டபம் என்று ஒன்றும் உண்டு. வண்டிக்காரர்கள் மாதாமாதம் அங்கே நெல் அளந்தால் மண்டபம் ஒரு பட்டயம் கொடுக்கும். அச்சு முறிந்தாலும், மாடு விழுந்தாலும், சக்கரத்தில் யாருக்காவது அடிபட்டாலும் மண்டபம் பொறுப்பு. பட்டயம் இல்லாத வண்டி கோட்டைக்குள் நுழைய முடியாது. மண்டபத்தின் தலைவர் சேனாதிராயர். ராஜாவின் சட்டத்தைக் கண்டதும் தன் பங்குக்கு அவரும் ஒரு விதி சேர்த்தார். ஒரு புள்ளிக்கு இரண்டு மடங்கு நெல். இரண்டு புள்ளிக்கு நான்கு மடங்கு. மூன்று புள்ளி விழுந்தால் பட்டயம் பறிமுதல்.

இப்படி மூன்று புள்ளி வாங்கியவள் ஒருத்திதான் இருந்தாள். மருத்துவச்சி அங்காத்தாள்.

கிழக்கு வாசலுக்கு வெளியே அவள் குடியிருந்தாள். ஒரு கால் சற்றுக் குட்டை. அதனால் வண்டியும் மாடுமே அவளுக்குக் கால். எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் கையிலிருக்கும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு வண்டியைப் பூட்டுவாள்.

மண்டபத்தில் பட்டயத்தைத் திருப்பிக் கேட்க அவள் நொண்டிக்கொண்டே நடந்து வந்தபோது, கூட அரண்மனை விகடகவி வெள்ளியங்கிரியும் வந்தான். அவன் மனைவி பூவாத்தாளுக்கு இது நிறைமாதம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். முன்பு இரண்டு முறை, உதவிக்கு ஆள் வந்து சேர நேரமாகி, தொட்டில் வெறுமையாகவே நின்றுவிட்டது. அவர்கள் வீடு கோட்டைக்குள்ளே, மேற்கு வாசல் ஓரம். அங்காத்தாள் ராஜவீதி முழுவதையும் கடந்துதான் வர வேண்டும்.

“சாமி, இந்தப் புள்ளி கொல்லர் வீட்டுப் பையன்,” என்றாள் அங்காத்தாள், கழற்றித் தோளில் சுமந்து வந்திருந்த நுகத்தடியைக் காட்டி. “இது வண்ணார் வீட்டு இரட்டைப் பிள்ளைங்க. இது பூக்கட்டுற செங்கமலத்தோட மக. எல்லாம் நல்லா இருக்குதுங்க.”

சேனாதிராயர் நுகத்தடியைப் பார்த்தார். “எனக்குப் பிள்ளைகள் தெரியவில்லை. மூன்று புள்ளி தெரிகிறது.”

“இத்தனை வருஷத்துல என் சக்கரத்துல ஒரு கோழிக்குஞ்சுகூட மிதிபட்டதில்லீங்களே!”

“மண்டபம் விபத்தைப் பார்ப்பதில்லை. புள்ளியைப் பார்க்கும்.”

“அவசரத்துக்கு ஓடினேன் சாமி. நின்னு போக நேரமில்லை.”

“எல்லோருக்கும் அவசரம்தான்.”

“பட்டயம் இல்லாம நான் எப்படித்தான் உள்ளே வர்றது?”

“அது மண்டபத்தின் கவலையில்லை,” என்ற சேனாதிராயர் சற்று யோசித்து, “புள்ளி விழாத யாரையாவது வைத்து வண்டி ஓட்டிக்கொள்ளேன்,” என்றார்.

“ஓட்டலாமுங்க. புள்ளி விழாத ஆளு ஆனை நடையிலதானே ஓட்டுவான்?”

வெள்ளியங்கிரி வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். அன்றோ, அங்காத்தாளின் தோளிலிருந்து நுகத்தடியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

மறுநாள் சபையில் அந்தப் பேச்சு முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் ராஜாவிடம் சொன்னான்.

ராஜாவின் முகம் வாடியது. “வெள்ளியங்கிரி, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கருமேகம் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. யானையை முந்துகிறவர்களுக்கு நான் இரங்கினால் அது என்னை மன்னிக்குமா?”

சேனாதிராயர் எழுந்து நின்றார். தான் பேசும்போது ராஜா கொட்டாவி விடுவதும் இவன் வாயைத் திறந்தாலே சிரிப்பதும் அவர் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் கிடந்தது.

“மகாராஜா! விகடகவிக்கு முடியாதது ஒன்றும் இல்லை என்று தாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. ஆகவே ஒரு போட்டி. நாளை மறுநாள் காலை கருமேகம் ராஜவீதியில் வரட்டும். அங்காத்தாளின் வண்டியும் கூடவே வரட்டும். வண்டி யானையை ஓர் அடிகூட முந்தக் கூடாது. ஆனால் கிண்ணம் மூழ்குவதற்குள் மேற்கு வாசலுக்கு வந்துவிட வேண்டும். வந்தால் பட்டயத்தை நானே என் கையால் கொடுக்கிறேன். வராவிட்டால் இவர் இந்த ஊரை விட்டுப் போகட்டும்.”

சபையினர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கிண்ணமே யானையின் நடைக்கு அளவெடுத்துச் செய்தது. யானையை முந்தாமல் கிண்ணத்தை முந்துவது எப்படி?

ராஜாவுக்கு மட்டும் ஆவல் வந்துவிட்டது. “உன்னால் முடியுமா, வெள்ளியங்கிரி?”

“தாங்களும் சேனாதிராயரும் அம்பாரியில் அமர்ந்து சாட்சியாக வந்தால் முடியும், மகாராஜா,” என்றான் அவன்.

அன்று மாலை வெள்ளியங்கிரி யானைக் கொட்டாரத்துக்குப் போனான். கருமேகம் மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது. துதிக்கையை உயர்த்திக் காற்றில் எதையோ தேடியது. பிறகு பெருமூச்சு விட்டது. பாகன் உதுமான் அதன் காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பாய், அன்றைக்கு முந்திக்கொண்டு போனதே ஒரு வண்டி, அதில் என்ன இருந்தது?”

உதுமான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அவன் காதோடு ஒரு வார்த்தை சொன்னார்.

பல நாட்களுக்குப் பிறகு வெள்ளியங்கிரி அன்றுதான் சிரித்தான்.

போட்டி நாள் காலை. ராஜாவும் சேனாதிராயரும் அம்பாரியில் ஏறிக் கிழக்கு வாசலுக்கு வந்தார்கள். யானைக்குப் பின்னால் அங்காத்தாள் வண்டியைப் பூட்டிக் காத்திருந்தாள். வெள்ளியங்கிரியை மட்டும் காணவில்லை. சேனாதிராயர் மீசையை நீவிக்கொள்ளத் தொடங்கியபோது, அவன் வீதியின் மறுகோடியிலிருந்து தலைப்பாகை அவிழ ஓடிவந்தான்.

“அக்கா, அவளுக்கு வலி எடுத்துவிட்டது. பத்து நாள் முன்னாலேயே. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் கூட இருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘இந்தத் தடவையும் நேரமாயிடுமாங்க?’ என்று கேட்டாள்.”

அங்காத்தாள் அவன் முகத்தைப் பார்த்தாள். “அப்படின்னா வேடிக்கையெல்லாம் முடிஞ்சுது தம்பி. வண்டியில ஏறு. மருந்துப் பெட்டிய மடியில வெச்சுக்க.”

முரசு ஒலித்தது.

கருமேகம் வழக்கம்போல ஒரு காலை எடுத்து வைத்தது. யோசித்தது. மறு காலை எடுத்து வைத்தது. சேனாதிராயர் அம்பாரியில் சாய்ந்து வெற்றிலை மடித்தார். வண்டியில் வெள்ளியங்கிரி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தான்.

அதே முரசொலியைக் கேட்டு, மேற்கு வாசலுக்கு வெளியே, வெள்ளியங்கிரி சொல்லி வைத்திருந்தபடி, பழவண்டிக்காரர் ஒருவர் அரிவாளை எடுத்தார். முற்றிக் கனிந்த இருபது பலாப்பழங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிளந்தார். ஆடி மாதத்து மேல்காற்று அந்த வாசனையைச் சுமந்துகொண்டு வாசலுக்குள் நுழைந்தது.

கருமேகம் துதிக்கையைத் தூக்கியது. காதுகள் விரிந்தன.

அடுத்த கணம் அது ஓடியது. ராஜாவைச் சுமந்து தோப்பில் ஓடிய அந்தக் காலத்து ஓட்டம்! சேனாதிராயரின் வெற்றிலைப் பெட்டி பறந்தது. “நிறுத்து! நிறுத்து!” என்று அவர் அம்பாரிக் காலைக் கட்டிக்கொண்டு அலறினார். ராஜாவோ கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையைப்போல, “ஓடு! ஓடு கருமேகம்!” என்று கத்தினார். பின்னாலேயே, ஓர் அடிகூட முந்தாமல், அங்காத்தாளின் வண்டி பறந்து வந்தது.

மேற்கு வாசலில் கிண்ணம் கால்வாசிகூட நிறையவில்லை. யானை வாசலைத் தாண்டி வெளியே போய்ப் பழவண்டியின்மேல் பாய்ந்தது. வண்டி வலப்பக்கம் திரும்பி வெள்ளியங்கிரியின் வீட்டு முன் நின்றது. அங்காத்தாள் பெட்டியைப் பறித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. வெள்ளியங்கிரி என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கும் கோட்டை வாசலுக்கும் நடுவில் நின்றான்.

யானை ஆசை தீரத் தின்றுவிட்டுத் திரும்பியது. வாசலில் தாண்டவன் கோலைக் குறுக்கே நீட்டினார். வாளியிலிருந்த கீலைக் கோல் நுனியால் தொட்டு, எட்டி அம்பாரிக் காலில் ஒரு புள்ளி வைத்தார்.

“என்னய்யா இது?” என்றார் சேனாதிராயர்.

“வண்டி யானையை முந்தவில்லை. அதற்குப் புள்ளி கிடையாது. யானைதான் கிண்ணத்தை முந்தியது. புள்ளி விழுந்தபின் யானையும் வண்டிக் கணக்குதான். பட்டயத்தைக் காட்டுங்கள், ஐயா. இல்லாவிட்டால் உள்ளே விட முடியாது. தங்கள் விதிதான்.”

“பட்டயம் கொடுக்கும் மண்டபமே உள்ளேதானே இருக்கிறது! அது இல்லாமல் எப்படி உள்ளே வருவது?”

“அது மண்டபத்தின் கவலையில்லை என்று தாங்களே சொன்னதாக ஊரே பேசிக்கொள்கிறது.”

“தாண்டவா! ஒரு கோழிக்குஞ்சுகூட மிதிபடவில்லையே!”

“மண்டபம் விபத்தைப் பார்ப்பதில்லை, ஐயா. புள்ளியைத்தான் பார்க்கும்.”

“அவசரமய்யா! யானைக்கு ஆசை! நின்று போக நேரமில்லை!” என்று கத்திய சேனாதிராயர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இந்த வார்த்தைகளை இதற்கு முன் வேறொருவர் சொல்லக் கேட்டது அவருக்கு நினைவு வந்துவிட்டது. ராஜாவுக்கும் வந்துவிட்டது.

ராஜா மெல்ல இறங்கினார். “உதுமான், உண்மையைச் சொல். அன்று இது ஏன் உட்கார்ந்தது?”

“அன்னைக்கு முந்தினது பலாப்பழ வண்டி, மகாராஜா. இது பின்னாலேயே போகப் பார்த்துச்சு. நான்தான் பிடிச்சு நிறுத்திட்டேன். அப்புறம் சட்டம் வந்துச்சு. புள்ளிக்குப் பயந்து பழவண்டி ஒண்ணும் உள்ளே வரலை. நீங்க அவமானம்னு சொன்னீங்க. இல்லை, பலாப்பழம்னு சொல்ல எனக்கென்ன ரெண்டு தலையா?”

ராஜா துதிக்கையைத் தன் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அது பலாச்சுளையாக மணத்தது. “உன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் நான்தானா?” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நடுவே, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

வெள்ளியங்கிரி அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டான். ஊரையே சிரிக்க வைத்தவன் முழங்காலில் முகம் புதைத்து அழுதான். ராஜா அவன் பக்கத்தில் புழுதியிலேயே உட்கார்ந்து, தன் முத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

“வேறு என்ன வேண்டும்? கேள்.”

“மகாராஜா, வேகத்துக்குப் புள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீதியில் இனி என் பிள்ளையும் விளையாடும். ஆனால் வைக்கும் முன், ஏன் ஓடினாய் என்று ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். கீலுக்குப் பதில் சுண்ணாம்பில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நல்ல மழை பெய்தால் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும். தினமும் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவர் சேனாதிராயர். அதற்கு முன் அங்காத்தாளின் பட்டயத்தை அவரே தன் கையால் கொடுத்துவிடட்டும்.”

கதவு திறந்தது. அங்காத்தாள் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தாள். “பொண்ணு. பூவாத்தாளும் நல்லா இருக்குறா. உன்னைத்தான் கேட்டா தம்பி. நேரத்துக்கு வந்துட்டோம்னு சொல்லிட்டேன்.”

ராஜா குழந்தையை உற்றுப் பார்த்தார். “பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டாளாமே! கிண்ணம் மூழ்கவே இல்லை.” அங்காத்தாள் நீட்டிய மைச்சிமிழில் விரலைத் தொட்டு, அந்தச் சின்னக் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தார். “இது முதல் புள்ளி.”

சொல்லிவிட்டு ராஜா மறுபடியும் சிரித்தார். தாண்டவன்கூடச் சிரித்தார். அங்காத்தாள் மட்டும் குனிந்து குழந்தையின் காதில் சொன்னாள்:

“இன்னும் ரெண்டுதான் பாக்கி இருக்கு கண்ணு. பார்த்து மெதுவாப் போ.”