எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்ற பட்டத்து யானை

முன்னொரு காலத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்து வெற்றிலை மெல்லும்போது புதிதாக ஒரு சட்டம் பிறப்பிக்காவிட்டால் தூக்கம் வராத ராஜா ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. சும்மா இருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

அவருடைய பட்டத்து யானை மேகவண்ணன், கடலுக்கு அப்பாலிருந்து குட்டியாகக் கப்பலில் வந்தது. கூடவே பாகனாக வந்தவன் தோரான். யானைக்கு வைத்தியமும் அவனேதான். குட்டியில் எந்தப் பாஷையில் பழகியதோ அந்தப் பாஷைக்குத்தான் யானை காது கொடுக்கும். நட என்பதும் மண்டியிடு என்பதும் மேகவண்ணனுக்குத் தோரான் ஊர்ப் பேச்சில்தான் தெரியும். தோரானோ இந்த ஊரில் பூக்கட்டும் பூங்காவனத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, நடை பழகும் ஒரு பெண் குழந்தையோடு சந்தோஷமாக இருந்தான்.

அந்தச் சந்தோஷம் யானைக்கொட்டடி அதிகாரி பெருந்தேவனின் கண்ணை உறுத்தியது. தன் மைத்துனனைப் பாகனாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ராஜா வெற்றிலை மடிக்கும் நேரம் பார்த்துக் காதைக் கடித்தார். நம் பாஷை தெரியாத அயல்நாட்டுத் தொழிலாளர் வெளியேற வேண்டும் என்று முதல் சட்டம் வந்தது. தோரான் மீன்காரியிடம் பேரம் பேசி ஜெயிக்கும் அளவுக்குப் பேசுவான், தப்பித்தான். ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அடுத்த சட்டம் வந்தது. பூக்காரத் தெருவே திரண்டு வந்து நின்றது.

பெருந்தேவன் விடுவாரா? மூன்றாவது சட்டத்தைத் தானே வாசகம் வாசகமாகச் சொல்லிக் கொடுத்தார். அயல்நாட்டில் பிறந்து இங்கே தொழில் செய்பவர் எல்லைக்கு வெளியே போய் நின்று அனுமதி கேட்க வேண்டும். முடிவு தெரியும்வரை தொழிலைத் தொடக்கூடாது. அதே வேலையை உள்ளூரார் செய்ய முடியுமானால் அனுமதி கிடையாது. அயல்நாட்டார் செய்யும் எந்த வேலையையும் நம்மவர் செய்வார்கள் என்று ராஜாவிடம் அடித்தும் சொன்னார்.

ஆணையைக் கேட்ட பூங்காவனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விகடகவி மருதப்பன் வீட்டு வாசலுக்கு ஓடினாள். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் மருதப்பனுக்கு உத்தியோகம்.

"நான் இந்த ஊர்க்காரிங்க. எம் புள்ள இந்த ஊர்ப் புள்ள. அதோட அப்பன் மட்டும் எந்த ஊருங்க?" என்று கேட்டாள்.

மருதப்பன் நேராக அரண்மனைக்குப் போனான்.

"அரசே, இந்தச் சட்டத்திலிருந்து யாருக்காவது விலக்கு உண்டா?" என்று சபையில் கேட்டான்.

"அரண்மனைச் சோறு தின்னும் எந்த உயிருக்கும் விலக்கு இல்லை" என்றார் ராஜா. பெருந்தேவன் அதற்குப் பலமாகத் தலையாட்டினார்.

விஜயதசமி வந்தது. ராஜா யானைமேல் ஏறி ஊர்வலம் போய் அம்பு போடும் நாள். அலங்காரத்தோடு வாசலுக்கு வந்தவர் பார்த்தால், அம்பாரி மட்டும் தரையில் இருந்தது. யானை எங்கே என்று கேட்டதற்கு, அதுவும் கடலுக்கு அப்பால் பிறந்ததுதானே, சட்டப்படி நேற்றே தோரானோடு எல்லைக்கு வெளியே போய்விட்டது என்றான் மருதப்பன். ராஜாவுக்கு மீசை துடித்தது. பல்லக்கில் ஏறி எல்லைக்கு விடச் சொன்னார். அம்பாரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த நாடு ஒன்றும் பெரியதல்ல. காலையில் கிளம்பினால் கஞ்சி வேளைக்குள் எல்லைக்கல் வந்துவிடும்.

கல்லுக்கு அந்தப் பக்கம் மேகவண்ணன் கரும்பு தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தோரான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் பூங்காவனம். குழந்தை அப்பனிடம் போகத் தள்ளாடித் தள்ளாடி நடக்கும், காவலன் அதைத் தூக்கித் திரும்ப அம்மாவிடம் விடுவான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ராஜா பெருந்தேவனின் மைத்துனனை ஏவினார். அவன் தொண்டை கிழியக் கத்தியும் யானை காதை ஆட்டியதே தவிரக் காலை எடுக்கவில்லை.

"நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது, அரசே. முதல் சட்டத்திலேயே தோற்றுவிட்டது" என்றான் மருதப்பன்.

"தோரானைக் கூப்பிடச் சொல்."

"முடிவு தெரியும்வரை அவன் தொழிலைத் தொடக்கூடாது. தங்கள் ஆணை. ஆனால் கவலை எதற்கு? அயல்நாட்டார் செய்யும் வேலை எதுவானாலும் நம்மவர் செய்வார்கள் என்று பெருந்தேவர் சொல்லியிருக்கிறாரே. அம்பாரி தயார். மைத்துனரைக் குனியச் சொல்லுங்கள், ஏறிக்கொள்ளலாம்."

வீரர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். அம்பாரியைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டார்கள். மைத்துனன் பல்லக்குக்குப் பின்னால் போய் ஒளிந்தான். அவனைத் தேடப்போன பெருந்தேவன் திரும்பி வரவே இல்லை. ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் கண்ணில் அந்தக் குழந்தை பட்டது. மறுபடியும் கல்லை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ராஜாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"தோரான், வீட்டுக்கு வா என்பதற்கு உன் பாஷையில் என்ன?"

"லோமே, மகாராஜா."

ராஜா எல்லைக்கல் அருகே போய், "லோமே" என்று கூப்பிட்டார். மேகவண்ணன் கரும்பைப் போட்டுவிட்டு அசைந்து அசைந்து உள்ளே வந்தது. தோரான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். எத்தனை சட்டத்தைப் பார்த்தவன், எழுந்திருக்கப் பயம்.

"உன்னையும்தான் கூப்பிட்டேன்" என்றார் ராஜா.

தோரான் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். பூங்காவனம் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். காவலனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சட்டம் அங்கேயே ரத்தானது. யானைமேல் ஏறி உட்கார்ந்த ராஜா, என்ன பரிசு வேண்டும் என்று மருதப்பனைக் கேட்டார். பொன்னும் ஊரும் கேட்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"தங்கள் வெற்றிலைச் செல்லத்தைக் கொடுங்கள், அரசே. அதைத் திறந்தால்தானே அடுத்த சட்டம் வருகிறது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்து, செல்லத்தை யானைமேலிருந்தே நீட்டினார். மேகவண்ணன் அதைத் துதிக்கையால் வாங்கி மருதப்பன் கையில் கொடுத்தது. அதன்பிறகு ராஜா மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினார். ஊரும் நிம்மதியாகத் தூங்கியது.