பதினொரு குளமும் ஒரு மாங்காயும்

முடிந்த ஆராய்ச்சியைச் சொல்ல எல்லாருக்கும் வாய் உண்டு. முடியாத ஆராய்ச்சியை நாலு பேர் முன்னால் வைத்து, "எங்கே இடிக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும். தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் அதற்கென்றே மாதம் ஒரு கூட்டம் உண்டு. இன்னும் கனியாத வேலைக்கான அரங்கு என்பதால் அதன் பெயர் காயரங்கு.

மேசையில் ஒரு மாங்காய் இருக்கும். பக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும். மாங்காய் கிடைக்காத மாதத்தில் கொய்யாக்காய். பேசுகிறவர் தன் வேலை எங்கே சிக்கிக்கொண்டது என்று மறைக்காமல் சொல்லவேண்டும். கேட்டவர்களில் எவர் சொன்னதால் வேலை நகர்ந்ததோ, அவருக்கு மாங்காய். வெட்டிப் பங்குபோடக் கூடாது, ஒருவருக்கு மட்டும், முழுசாக. வாங்கியவர் பெயர் கட்டுரையில் பேசியவர் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகும். பேராசிரியர், குடுவை கழுவுகிறவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. அந்த வேலையில் கைவைத்த யாரும் வந்து உட்காரலாம்.

அந்தச் சித்திரை மாதம் பேச எழுந்தவள் இசக்கியம்மாள். மழைக்கு இரண்டு நாள் முன்பே குளத்துத் தவளைகளின் சத்தம் கூடுகிறது என்பது அவள் கண்டது. இரண்டு வருடமாக, மாலை ஐந்தரைக்குத் துறை ஜீப்பில் கிளம்பி, பதினொரு குளங்களை ஒரே வரிசையில் சுற்றிவந்து கேட்டிருக்கிறாள். எட்டுக் குளங்கள் கணக்காகச் சொல்லின. மூன்று மட்டும் சண்டித்தனம். மழை வந்தாலும் வராவிட்டாலும் அங்கே ஒரே முனகல்தான். அந்த மூன்றையும் காட்டாமல் விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. கரும்பலகையில் ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்போட்டுச் சிவப்பு வட்டம் வேறு போட்டாள்.

அவளுடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கும் கடிதம் துறைத் தலைவர் கோயில்பிள்ளையிடம் இருந்தது. இந்த வேலைக்கு வழி தெரிந்தால் கையெழுத்து. தெரியாவிட்டால் அவள் மூட்டை கட்டவேண்டியதுதான்.

முதலில் கோயில்பிள்ளையே கேட்டார். "பொருந்தாத மூணுக்கும் பொதுவா என்ன இருக்கு?" அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. மாதாமாதம் யார் பேசினாலும் அவர் கேட்கிற கேள்வி அது. இசக்கி குறிப்பேட்டைப் புரட்டினாள். காற்று, வெப்பம், தண்ணீர் மட்டம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தாள். பொதுவாக ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். ஜீப் ஓட்டும் நயினார். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை அவருடையது. அதற்கும் கோயில்பிள்ளையின் கையெழுத்துதான் வேண்டும்.

"இசக்கிம்மா, சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. அந்த மூணும் நாம கடைசியாப் போற குளம். அங்க போகும்போது இருட்டிரும். நீங்க எழுதுததுக்கு வெளிச்சம் வேணும்லா? நான் வண்டியைத் தண்ணியப் பாத்து நிறுத்தி, பெரிய லைட்டைப் போட்டே வச்சிருப்பேன். ரெண்டு வருசமும் அப்படித்தான். ஒருவேளை நான்தான் கெடுத்துட்டேனோ என்னமோ."

இசக்கி குறிப்பேட்டை மறுபடி பார்த்தாள். எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, வெளிச்சத்துக்கு இல்லை! அந்த மூன்று குளத்தையும் அந்த வெளிச்சத்தில்தான் எழுதியிருக்கிறாள்.

அவளோடு ஆராய்ச்சி செய்யும் ரஹ்மத் நிஷா துள்ளி எழுந்தாள். "மேற்கே மேகம் கூடுது, பாத்தீங்களா? இன்னைக்கே போவோம். அதே வரிசை, அதே நேரம். லைட்டை மட்டும் அணைச்சிருவோம்!"

பிறகு கூட்டமாவது ஒன்றாவது! ஜீப்பில் ஒன்பது பேர் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒன்பதாவது குளத்தில் நயினார் விளக்கை அணைத்தார். இசக்கி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கரையோரம் ஒரு குரல். இன்னொன்று. அப்புறம் குளமே அதிர்ந்தது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. நிஷா கையசைத்தாள். விளக்கு எரிந்தது, சத்தம் பொசுக்கென்று அடங்கி வெறும் முனகலானது. அணைத்துக் காத்திருந்தார்கள், மறுபடி அதே கச்சேரி. பத்தாவதும் பதினோராவதும் அப்படியே. இசக்கிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சொல்லிவைத்தாற்போல் மூன்றாம் நாள் மழை கொட்டியது. எல்லாரும் நனைந்துகொண்டே துறைக்கு ஓடிவந்தார்கள். மேசையில் மாங்காய் சற்று வாடியிருந்தது. அதன் பக்கத்திலேயே, இன்னும் கையெழுத்து விழாத கடிதம்.

"கேள்வி என்னுது" என்றார் கோயில்பிள்ளை, பாதி விளையாட்டாக.

"நிரூபிச்சது நான்" என்றாள் நிஷா.

நயினார் ஜன்னல் பக்கம் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

இசக்கி மாங்காயைக் கையில் எடுத்தாள். கேட்டவர் ஒருவர், சொன்னவர் ஒருவர், செய்துகாட்டியவர் ஒருவர். படிக்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள். மாங்காய் யாருக்குச் சேரவேண்டும்?

விடை: நயினாருக்கு. கோயில்பிள்ளையின் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் எல்லா மாதமும் எல்லாருக்கும் போடுகிற கேள்வி. விளக்கு என்று தெரிந்த பிறகு அதை அணைத்துப் பார்க்க அங்கிருந்த யாருக்கும் தோன்றியிருக்கும், நிஷா முந்திக்கொண்டாள். நயினார் சொன்னதோ அவர் ஒருவரால் மட்டுமே சொல்லக்கூடியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பழி தன் தலையில் விழும், வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், உறுதியில்லாத ஒன்றை உறுதியில்லை என்று சொல்லியே சபையில் வைத்தார். காயரங்கு இருப்பதே அதற்குத்தான். அன்று அந்த மேசைக்குக் காயைக் காயாகவே கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர், இசக்கியும் அவரும். அதனால் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாவதுதான் நியாயம். இசக்கி மாங்காயை நயினாரிடம் நீட்டியபோது எல்லாரும் கோயில்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். "அடுத்த மாசத்துக்கு வேற கேள்வி தேடணும் போலிருக்கே" என்றபடி, அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துச் சட்டைப் பையில் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தார்.