சுருட்டி வைத்த வால்

ஒரு காலத்தில் விமானத்தின் மூக்கருகே இருந்து வானம் பார்த்த உறை ஒன்று, விமானக் கொட்டகை அலுவலகத்தின் மேசை இழுப்பறையில் குப்புறக் கிடந்தது.

அதன் வேலை சின்னது. எதிர்க்காற்றை வைத்து வேகத்தை அளக்க, விமானத்தின் மூக்கருகே விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். விமானம் நிற்கும் நேரத்தில் குளவி அதற்குள் மண்ணை அப்பிக் கூடு கட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் உறை. கிளம்பும் முன் உறையைக் கழற்ற வேண்டும். யாரும் மறந்துவிடக் கூடாதே என்று அதற்கு முழ நீளத்தில் ஒரு சிவப்பு வால்.

ஒரு நாள் விமானத்தைக் கழுவ வந்த மாசிலாமணி, வால் நனைந்து அழுக்காகிறதே என்று பரிவோடு அதைச் சுருட்டி உறைக்குள்ளேயே செருகிவிட்டுப் போனான். பிறகு தலைமை விமானி வந்தார். விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். உறைக்கு நேர் கீழே நின்றார். பெரியவர், பார்க்காமலா போவார் என்று உறை பேசாமல் இருந்துவிட்டது.

அவர் பார்க்கவில்லை. ஓடுபாதையில் விமானம் பாதித் தூரம் ஓடியும் வேகமுள் அசையவே இல்லை. துணை விமானி கத்திய பிறகுதான் பிரேக் பிடித்தார்கள். டயர்கள் புகைந்தன. அறுபத்தெட்டுப் பேரும் நடுங்கிக்கொண்டு, ஆனால் நடந்தே, இறங்கினார்கள்.

அன்றிலிருந்து உறைக்கு இழுப்பறைதான் உலகம்.

அந்த இழுப்பறையில்தான் அலுவலகத்தின் தொடுதிரையையும் சார்ஜ் போட்டு வைப்பார்கள். தொடுதிரைக்கு ஓர் ஆசை இருந்தது. உலகத்து விமான நிலையங்களின் சாமான்களையெல்லாம் சேர்த்து இணையத்தில் ஒரு சபை தொடங்கியிருந்தது. அவரவர் தவற்றைச் சொல்ல வேண்டும். கேட்டவர் தப்பிக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். நாற்பத்தொரு நாடுகளிலிருந்து தொள்ளாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

"என்னப்பா பேசிக்கிறாங்க உன் சபையில?" என்று உறை கேட்டது.

"காலை வணக்கம்தான் அக்கா. ஒரு ரோஜாப்பூ, ஒரு காபிக் கோப்பை. நேத்து ஒரு ஏணி பாதுகாப்பைப் பத்திக் கவிதை எழுதுச்சு. நூத்திமுப்பது பேரு கைதட்டினாங்க."

"அப்புறம்?"

"மறுபடியும் காலை வணக்கம். தொள்ளாயிரம் பேரும் உத்தமங்களாம்! ஒருத்தரும் ஒரு தப்பும் பண்ணலையாம். பேசாம கடையைக் கட்டிடலாம்னு பார்க்கிறேன்."

மேசை மேலிருந்த தடித்த கையேடு கனைத்தது. "கட்டு, கட்டு. நம்ம வீட்டுக் குப்பையை ஊர் முன்னாடி கொட்டணுமா? இதோ இந்த உறை, வாலைச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கு. அதுதான் எல்லாருக்கும் மரியாதை."

"வால் சுருண்டு கிடந்ததாலதானே ஐயா, அன்னிக்கு அறுபத்தெட்டுப் பேரு..." உறை தொடுதிரைப் பக்கம் திரும்பியது. சொன்னது: "தம்பி, நான் சொல்றேன். எழுதிக்க."

அது சொல்லச் சொல்லத் தொடுதிரை எழுதியது.

"மாசிலாமணி பேரைப் போடாதே. அவன் அன்பாத்தான் செஞ்சான். நான் பிடியை விட்டு விமானி காலடியில விழுந்திருக்கலாம். பெரியவர் பார்த்துப்பார்னு இருந்துட்டேன். அதை மட்டும் விடாம எழுது."

தொடுதிரை அதைச் சபையில் போட்டது. ஒரு பூகூட வரவில்லை. கையேடு, "பார்த்தியா, மானம் போச்சு" என்றது.

அப்போது ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரை விமான நிலையத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவும் ஓர் உறை.

"அக்கா, என் வாலையும் காலையில சுருட்டிட்டாங்க. சேறு படுதாம். விமானி என்னைத் தாண்டிப் போய் உள்ள உட்கார்ந்தாச்சு. ஆளுங்க ஏறிக்கிட்டிருக்காங்க. எனக்கு இப்பத்தான் உறைக்குது."

"விழு! கீழே விழு!"

"கயிறு போட்டு இறுக்கியிருக்கு அக்கா. முடியல."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"முன் சக்கரம் உருளாம இருக்க அடியில போட்ட ஒரு முட்டுக்கட்டை. அது தரையில கிடக்குற ஜாதி. நாங்க பேசிக்கிறதில்லை."

"இப்பப் பேசு!"

அந்த உறை பேசுவதற்குள் இன்னொரு கரகரத்த குரல் குறுக்கிட்டது. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தினமும் ரோஜாப்பூ அனுப்புறது நான்தான். என்ன செய்யணும்?"

"அசையாம இரு."

"அதுதானே எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை" என்றது கட்டை.

உறை, தொடுதிரையின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. புகைந்த டயரின் நாற்றம் அதன் மூக்கில் திரும்ப வந்தது. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். பதினொன்று.

கட்டைதான் முதலில் வந்தது. மூச்சு வாங்கியது.

"ஒடியாம்போன்னு ஒருத்தர், எங்க தரை வேலை ஆளு. வந்து என்னை இழுத்தாரு. நான் வரலை. உதைச்சாரு. வரலை. 'உனக்கு என்னடா இன்னிக்கு இத்தனை வீம்பு'ன்னு மண்டியிட்டு உட்கார்ந்து பிடுங்கினாரு. கடைசியில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தாரு அக்கா. நிமிரும்போது மேலே பார்த்தாரு."

"பார்த்து?"

"கையை ஆட்டிக் கத்தினாரு பாருங்க, ஏரியில இருந்த கொக்கெல்லாம் கிளம்பிடுச்சு. விமானியே இறங்கி வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

அடுத்து அந்த உறை பேசியது. "நான் இப்ப ஒடியாம்போ சட்டைப் பையில இருக்கேன் அக்கா. விமானம் மேலே போயிடுச்சு. இங்கிருந்து சின்னதாத் தெரியுது."

பிறகு பெரு நாட்டிலிருந்து ஓர் ஒலிவாங்கி, "நானும் ஒண்ணு சொல்லணும். மூணு வருஷமா மறைச்சு வச்சிருக்கேன்" என்றது. அதற்குப் பின்னால் நார்வேயின் எரிபொருள் குழாய். அதற்குப் பின்னால் கவிதை எழுதிய ஏணி. தொடுதிரையால் வரிசையைச் சமாளிக்க முடியவில்லை.

மேசை மேலிருந்த கையேட்டுக்கு அந்த இரைச்சலில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அது இழுப்பறைப் பக்கம் சாய்ந்து, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டது. "அங்கே என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை, ஐயா" என்றது உறை. அதற்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணுமே ஆகலை."