சொதிக்கு எந்தக் கரண்டி?

"டீச்சர், அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா, கேடியா? இன்னைக்கு ஒரு முடிவு சொல்லிருங்க."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டார் திருமேனி.

ஊரில் பாதிப்பேருக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். அவர் டீச்சர் என்று கூப்பிடும் ஜெபராணிக்கோ அவர் வயதில் பாதிதான். ஆனால் கம்ப்யூட்டரில் அவருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் அவள். வித்தைக்கு வயசு ஏது?

திருமேனி வீட்டில் சர்வர் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்திருந்தார். பிளஸ் டூ வரலாற்றுப் பாடம் முழுவதையும் தன் குரலிலேயே பதிந்து அதில் போட்டிருந்தார். பாளையங்கோட்டை விடுதியில் பார்வையில்லாத பதினோரு பெண்கள் அதைப் போனில் கேட்டுத்தான் படித்தார்கள்.

பழைய பெட்டி முனக ஆரம்பித்ததும் அதை நிறுத்திவிட்டுப் புதிது வாங்கினார். பாடமெல்லாம் புதிதில் ஏற்றியாயிற்று. கேட்டு வருகிறவர்களுக்குப் பாடத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் மட்டும்தான் பாக்கி. அதற்கு மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பரீட்சை.

"விடுதியில இருந்து ஷகிலா பானு தினமும் போன் பண்ணுதா டீச்சர். 'சார், பாடம் திறக்க மாட்டேங்கு'ன்னு அழுதா."

"பிறகு ஏன் சார் இன்னும் போடலை?"

"அப்பாச்சி பழகினதுதான், ஆனா பழசாச்சே. என்ஜின்எக்ஸ் பத்தாயிரம் பேர் வந்தாலும் அசராதாம்."

"உங்க வீட்டுக்குப் பத்தாயிரம் பேரா வாராவ?"

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கேடி, பூட்டு சாவியெல்லாம் அதுவே பாத்துக்கிடுமாம். ஆனா பேரே கேடின்னு இருக்கே! நம்பி வீட்டுக்குள்ள விடலாமா?"

ஜெபராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சாப்பிட்டீங்களா சார்?"

"எங்க சாப்பிட? காலையில இருந்து இதே யோசனைதான்."

"உக்காருங்க."

இலை போட்டாள். சோறு வந்தது, இஞ்சித் துவையல் வந்தது. சொதிச் சட்டி பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. தேங்காய்ப்பால் மணத்தில் திருமேனிக்கு நாக்கில் நீர் ஊறியது.

ஜெபராணி எவர்சில்வர் கரண்டியை எடுத்தாள். பார்த்தாள், வைத்தாள். இரும்புக் கரண்டியை எடுத்தாள், அதையும் வைத்தாள். சிரட்டை அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"டீச்சர்..."

"இருங்க சார். அவசரப்பட்டா தப்பாயிரும்."

போனை எடுத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள்.

"கல்யாணப் பந்திக்கு இந்த அகப்பை தாங்குமான்னு ஒருத்தர் விரிவா எழுதியிருக்காரு. வாசிச்சிட்டு வாரேன்."

"இங்க நான் ஒரு ஆள்தானே டீச்சர்!"

"நாளைக்குக் கூட்டம் வந்திருச்சுன்னா?"

சோறு ஆறிப்போனது. துவையலை வெறுமனே நக்கியதில் காரம் உச்சந்தலைக்கு ஏறியது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சட்டி நிறைய இருக்கே! ஏதாவது ஒண்ணுல ஊத்துங்கம்மா, பசி உயிர் போகுது!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

இலையில் சொதி வந்து விழுந்தது. எந்தக் கரண்டியில் வந்தது என்று அவர் பார்க்கவில்லை.

கை கழுவியதும் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினார்.

சாயங்காலம் ஷகிலா பானுவுக்கு அவரே போன் போட்டார். மூன்றில் எதைப் போட்டோம், ஏன் போட்டோம் என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அவள் எடுத்தாள். பின்னால், விடுதி அறையில், திருமேனியின் குரலே கணீரென்று கேட்டது. பாடத்தில் அவர் உப்பு அள்ளுவதற்கு வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, நல்லா வருதா? நான் எதைப் போட்டிருக்கேன்னா..."

"உஷ்! பேசாதீங்க சார். சார் பாடம் நடத்துதாவ."