டிம்மாலு என்றால் என்ன?

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு மன்னர் இருந்தார். ஒருநாள் அவர் பரிசலில் ஆற்றைக் கடந்து இறங்கும்போது கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தார். வேட்டியெல்லாம் சேறு, மகுடம் காதுவரை இறங்கிவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்தார். அதைப் பார்த்த பரிசல்காரன் சடையன் கையைத் தட்டி, "அட, டிம்மாலு!" என்றான்.

நடந்தது அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உடன் வந்த அரண்மனைப் புலவர் அகோரமூர்த்தி விடுகிற ஆளா? "மகாராஜா, தங்களை இகழ்ந்துவிட்டான்!" என்றார். சடையனைக் கட்டி இழுத்துப்போய்ச் சிறையில் அடைத்தார்கள்.

மறுநாள் சபையில் மன்னர் சொன்னார்: "அந்தச் சொல் வசை என்றால் அவன் பரிசலை எரித்து அவனை நாடு கடத்துவேன். வாழ்த்து என்றால் விட்டுவிடுவேன். நாளைக்குள் எனக்கு ஒரே ஒரு பொருள் வேண்டும்."

அதிகாரிகள் சந்தைக்கு ஓடினார்கள். கத்தரிக்காய் விற்பவள், "பிஞ்சா, பளபளன்னு இருக்குதே, அதான் டிம்மாலு" என்றாள். எண்ணெய்க் கடைக்காரர், "கலப்படம் பண்றவனைச் சொல்றதுங்க" என்றார். மல்லர்களைக் கேட்டால், "ஒடம்பு இருக்கும், உள்ள சரக்கு இருக்காது" என்றார்கள். ஒரு காவலன் தன் மனைவியைக் கேட்டான். அவள், "உங்களைத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லதா கெட்டதா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

சபை கூடியது. தளபதி, டிம்மாலு என்றால் வீரன் என்றார்; கருவூலத் தலைவர், திருடன் என்றார். அகோரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "தமிழில் எந்தச் சொல்லும் டகரத்தில் தொடங்காது. ஆகவே இது சொல்லே அல்ல. சொல் அல்லாத ஒன்றை மன்னர்மீது எறிவது கல்லெறிவதற்குச் சமம்!" பாதிச் சபை தலையாட்டியது. படித்தவர் சொன்னால் ஆட்டத்தானே வேண்டும்! அரண்மனை விகடகவி கொண்டல்ராயர்மீது புலவருக்கு நெடுநாள் பொறாமை. அதனால், "சந்தைப் பேச்சில் வல்லவர் நம் விகடகவி. அவர் என்ன சொல்கிறார்?" என்று கோத்துவிட்டார்.

கொண்டல்ராயர் எழுந்தார். "மகாராஜா, பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் என்னால் கொண்டுவர முடியவில்லை. தாங்களே காவல் போட்டிருக்கிறீர்கள்."

"எங்கே இருக்கிறது?"

"முப்பது படி கீழே, சிறையில். ஊரையெல்லாம் கேட்டோம், சொன்னவனைக் கேட்கவில்லை. கைதியிடம் மன்னரைத் தவிர யாரும் பேசக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆகையால் தாங்கள்தான் வர வேண்டும்."

"உயிருக்குப் பயந்து வாழ்த்து என்றுதான் சொல்வான்!" என்று புலவர் குறுக்கிட்டார்.

"அப்படிச் சொன்னால் என்னையும் அவனோடு நாடு கடத்துங்கள்" என்றார் கொண்டல்ராயர். சொல்லிவிட்டாரே தவிர, சடையன் என்ன சொல்வான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

புலவரும் கொண்டல்ராயரும் பின்தொடர மன்னர் படியிறங்கினார். அவர் அந்தச் சிறைக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. "சடையா, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?"

சடையன் எழுந்து கும்பிட்டான். "பெருசா ஒண்ணுமில்லீங்க சாமி. எங்காளு ஒருத்தன் சேத்துல விழுந்து, சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சா அப்படிக் கூப்புடுவோம். விழுந்ததுக்கும் அதான், எந்திரிச்சதுக்கும் அதான்."

"நான் உன் ஆளா?"

"நீங்க ராசான்னு அந்த நேரம் மறந்துபோச்சுங்க. அது தப்புன்னா தப்புதான்."

புலவர் உதட்டைப் பிதுக்கினார். மன்னர் சடையனை நெருங்கி வந்தார். பிறந்ததிலிருந்து அவர் ராஜா என்பதை மறந்து அவரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை; பெற்ற தாயும் எழுந்து நின்றுதான் பேசுவாள். மன்னர் மெல்லக் கேட்டார்: "இப்போது ஒருமுறை அப்படிக் கூப்பிடு, பார்ப்போம்."

சடையன் வாயைத் திறந்தான், மூடினான். "இப்ப வராதுங்க சாமி. நீங்க மறுபடி விழுந்தாத்தான் உண்டு."

மன்னர் சிரித்த சிரிப்பில் சிறைக் காவலர்களும் சிரித்துவிட்டார்கள். அங்கேயே சடையனை விடுவித்தார். கழுத்து முத்து மாலையைக் கழற்றிக் கொண்டல்ராயருக்குப் போட்டார். கைதியிடம் யாரும் பேசலாம் என்று சட்டத்தையும் மாற்றினார்.

அதன்பிறகு மன்னர் எத்தனையோ முறை அந்தப் பரிசல் துறைக்குப் போனார். ஆனால் அதிகாரிகள் துறை முழுக்கக் கல் பாவிவிட்டார்கள். இறங்கும்போது இரண்டு பக்கமும் நால்வர் பிடித்துக்கொண்டார்கள். பாவம், கடைசிவரை அவர் விழவே இல்லை.